மிச்சம் பூஜ்யம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆறு பெரியவர்களே! முன்வரிசையில் அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் உடன்பிறந்த தம்பி அவர்களே! மருத்துவர்களே, செவிலியர்களே, அலுவலகத்து நண்பர்களே! வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் சிவப்புக்கோடு விழும் என்று மிரட்டி அழைத்துவரப்பட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நெடுநாள் வார்டின் இரண்டு ஆயாக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மருத்துவமனைச் சமையலறைப் பொறுப்பாளனின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் ஒரு நிமிட மௌனம். மௌனம் முடிந்ததும், நிர்வாக அதிகாரி அய்யா சற்று முன் கைதட்டலுக்கிடையே அறிவித்த 'காலித் தட்டு விருது'. மறைந்த அம்மையாரின் நினைவாக ஆண்டுதோறும் வழங்கப்படப்போகும் அந்த விருதின் முதல் கேடயத்தை, சமையலறையின் சார்பில் வாங்கிக்கொள்ளப்போகிறவன் நான்தான். அதோ, மேசைமேல் பளபளவென்று இருக்கிறது. தட்டு வடிவத்திலேயே செய்திருக்கிறார்கள். அதை நான் வாங்குவேனா மாட்டேனா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐந்து பத்தானால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தக் கட்டடத்தில் நிறைய உண்டு. இன்று ஒருநாள் நீங்களும் காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நன்றாகப் பேசினார்கள். "பூ மாதிரி மனசு" என்றார் ஒருவர். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்" என்றார் இன்னொருவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரைச் சொல்கிறார்கள்? தவறான கூட்டத்துக்கு வந்துவிட்டேனா? அந்தப் புகைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவரேதான். இருபத்தாறு ஆண்டுகள் இந்த மருத்துவமனையின் உணவியல் துறைத் தலைவராக இருந்தவர். நேரில் 'மேடம்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'தராசம்மா' என்றும் நாம் அழைத்தவர். அதிர்ந்து பேசாதவரா அவர்? அவர் பேசியே கேட்டிராதவர்கள்தான் அவரைப் பற்றி இவ்வளவு இனிமையாகப் பேச முடியும்!

பெரியோர்களே! தராசம்மா பூ அல்ல. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலக் கேள்வி கேட்பவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் குழம்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது சாப்பாடா, கடலா?" என்றார். "உப்பு உடம்புக்கு வேணும். நரம்பு வேலை செய்ய வேணும், சதை சுருங்கி விரிய வேணும். அதுக்காக ஒரு வாரத்துக்கு வேண்டியத ஒரே கரண்டியில போட்டா எப்படி? மேல ரத்தக் கொதிப்பு வார்டு இருக்கு. அவங்கள ஒரேடியா அனுப்பி வச்சுட்டு நாம கடையச் சாத்திரலாமா?"

அன்றிலிருந்து என் பெயர் உப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. என் மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், மருத்துவரோ பெருக்குபவரோ, அவர்களை நடைவழியில் வரிசையாக நிற்கவைப்பார். கண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால், "இரும்பில்ல. கீரையும் பருப்பும் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" வாயோரம் வெடித்திருந்தால், "பி வைட்டமின் இல்ல. வாயத் தொறந்து பொய் சொல்றதுக்கு முன்னாடி பால் குடி." ஈறில் ரத்தம் கசிந்தால், "ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கூடவா வக்கில்ல?" நமது கணக்குப் பிரிவு நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர். பார்க்கப்போன இடத்தில் அம்மையார் என்ன ஆறுதல் சொன்னார் தெரியுமா? "கல்லு வேணும்னா ரோட்டோரம் கெடக்கு. அத எதுக்கு வயித்துக்குள்ள வளக்கற?" அந்த நண்பர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

நிர்வாக அதிகாரி அய்யாவுக்கு நினைவிருக்கும். ஒருமுறை, நோயாளிகளின் நலம் கருதி, சமையலில் எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டீர்கள். தராசம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கே வந்தார். நான் பின்னால் கேரட் கூடையோடு நின்றேன். "கண்ணுக்கு நல்லதுன்னு கேரட் போடறோம். அதுல இருக்கறது உடம்புல ஏறணும்னா கொழுப்பு வேணும். எண்ணெய எடுத்துட்டா அது எப்படி ஏறும்? நீங்க ஏணி வச்சுக் குடுக்கப்போறீங்களா?" என்றார். உத்தரவு மறுநாளே காணாமல் போனது. இன்று அதே வாயால்தான் "அம்மையாரின் ஆலோசனைகளை நான் என்றும் மதித்தவன்" என்று பேசினீர்கள். வாய் வலிக்கவில்லையா அய்யா?

சீட்டு வந்திருக்கிறது. 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறது. நன்றி. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அவருடைய பாடம் மிகச் சிறியது. சமையலறைச் சுவரில் கரித்துண்டால் ஒரு வீடு வரைந்து, அடுப்பு வரைந்து, எங்களுக்குச் சொன்ன பாடம். அரிசியும் கோதுமையும் கிழங்கும் தருகிற மாவுச்சத்து, அன்றன்றைக்கு எரிக்கிற விறகு. கொழுப்பு, பரணில் ஏற்றி வைத்த விறகு. பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் மீனிலும் இருக்கிற புரதம், அந்த வீட்டின் செங்கல், மரம், உத்தரம். சுண்ணாம்புச்சத்து, இரும்பு, அயோடின், வைட்டமின்கள் எல்லாம் ஆணியும் திருகும் தாழ்ப்பாளும். கையளவுதான் வேண்டும்; இல்லாவிட்டால் கதவு நிற்காது. நார்ச்சத்து வீட்டைக் கூட்டுகிற துடைப்பம். தண்ணீர் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. இவ்வளவுதான். ஒரு சமையற்காரனுக்குப் புரிந்தது, படித்தவர்களுக்குப் புரியாதா?

அந்தப் பாடத்தின் கடைசி வரியை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

"வெறகு தீந்துபோச்சுன்னா வீடு சும்மா இருக்காது. உத்தரத்த ஒடிச்சு எரிக்கும். முதல்ல கால் சதை. அப்புறம் கை. அப்புறம் மூச்சு இழுக்கற சதை. வெளிய இருந்து பாக்கறவனுக்கு அடுப்பு எரியறதுதான் தெரியும். உள்ள எது எரியுதுன்னு தெரியாது."

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்ப வருவேன்.

இப்போது தராசுக்கு வருகிறேன். நண்பர்களே, நாட்டில் எத்தனையோ மருத்துவமனைகள். தட்டு நோயாளிக்குப் போகும், திரும்பி வரும், கழுவுவார்கள். அவ்வளவுதான். நம் மருத்துவமனையில் மட்டும், சமையலறை வாசலில் ஒரு தராசு. போகும்போது ஒவ்வொரு தட்டையும் நிறுத்து எழுத வேண்டும். திரும்பி வரும்போது மிச்சத்தோடு நிறுத்து எழுத வேண்டும். கழித்தால், அந்தக் கட்டிலில் இருப்பவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரிந்துவிடும். யாரும் செய்யாத வேலை! யாருக்கும் தோன்றாத வேலை! அதைச் செய்தவர் நம் தராசம்மா!

அதனால் பிழைத்தவர்கள் உண்டா? உண்டு. ஒரு தச்சர் இருந்தார். காலில் புண். மூன்று மாதம் மருந்து போட்டும் ஆறவில்லை. மருத்துவர்கள் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தராசம்மா பதிவேட்டைப் பார்த்தார். தினமும் தட்டில் ஐம்பது கிராம் மிச்சம், ஒரு முட்டையின் எடை, தினமும் அதே ஐம்பது. நேராக மேலே போனார்.

"முட்டைய என்னய்யா பண்ற?"

"புண்ணுக்கு ஆகாதுன்னு எங்க மச்சான் சொன்னாரும்மா."

"உங்க மச்சான் டாக்டரா?"

"பெயின்டரு."

"சுவத்துல ஓட்டை விழுந்தா உங்க மச்சான் காத்த வச்சா பூசுவாரு? பூச்சு வேணுமில்ல? சதை வளரணும்னா புரதம் வேணும். தின்னு. நான் இங்கதான் நிப்பேன்."

நின்றார். பதினோரு நாள் நின்றார். ஆறாவது வாரம் அந்தத் தச்சர் நடந்து வீட்டுக்குப் போனார். மச்சானோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இதுவரை நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள். போதும். இனிமேல் கைதட்ட மாட்டீர்கள்.

தராசம்மா ஒரு தவறு செய்தார். இறந்தவரின் தவறை இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவர் இருந்திருந்தால், அதை முதலில் சொல்லிவிட்டு உட்காரச் சொல்லியிருப்பார். சமையலறை வாசலில் ஒரு பலகை வைத்தார். எந்த வார்டில் மிச்சம் அதிகமோ, அந்த வார்டின் பெயர் சிவப்பில். சிவப்பில் வந்த வார்டின் ஆயாக்களை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார். எப்படிக் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். நெடுநாள் வார்டு எப்போதும் சிவப்பு. இருபத்தெட்டுக் கட்டில். அதில் பன்னிரண்டு பேருக்குத் தானாகச் சாப்பிட முடியாது. கை வராது, அல்லது விழுங்க நேரமாகும். ஒருவருக்கு ஊட்ட இருபத்தைந்து நிமிடம். அப்போது நான்கு ஆயாக்கள். ஒரு மணி நேரத்தில் தட்டு கீழே வந்தாக வேண்டும். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயாக்கள் கணக்குப் போட்டார்கள். மிச்சத்தை மேலேயே தொட்டியில் வழித்துக் கொட்டிவிட்டு, காலித் தட்டைக் கீழே அனுப்பினார்கள்.

தராசு என்ன செய்யும் பாவம்? வைத்ததைத்தான் நிறுக்கும். நெடுநாள் வார்டு: மிச்சம் பூஜ்யம். மறுநாள்: மிச்சம் பூஜ்யம். சிவப்பு அழிந்தது. தராசம்மா வாழ்நாளில் முதல்முறையாக ஆயாக்களைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பெண்கள் இன்னும் பத்து வருடம் தட்டு வழித்திருப்பார்கள்.

இது யாருக்குத் தெரியும்? ஆயாக்களுக்குத் தெரியும். இன்னொருவனுக்கும் தெரியும். எல்லா வார்டுத் தொட்டிகளும் சமையலறைப் பின்வாசலுக்குத்தான் வரும். நெடுநாள் வார்டின் தட்டு இளைக்க இளைக்க, அந்த வார்டின் தொட்டி பருத்தது. ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். முழு முட்டைகள். கடிக்காத ரொட்டி. கரண்டி படாத கஞ்சி. மூடியை மூடினேன். மூடி அழுக்காக இருக்கிறதென்று அதைக் கழுவினேன். பெரியோர்களே, அதுதான் நான் அன்று எடுத்த நடவடிக்கை! ஏன் சொல்லவில்லை? சொன்னால் திட்டு. சொல்லாவிட்டால் 'உப்பு சமையல்ல ஒரு பருக்கை மிச்சம் இல்ல' என்று பாராட்டு. பதினோரு மாதம் அந்தப் பாராட்டைத் தின்று கொழுத்தேன்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? பதிவேட்டைப் பார்த்தது. எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார்கள்! ஊட்டிவிடத் தேவையே இல்லை! பிறகு எதற்கு நான்கு ஆயா? இரண்டு பேரை வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் இப்போதும் அங்கே சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்கள். மேலே இரண்டு பேர். வைப்பது ஒருவர், வழிப்பது ஒருவர்.

பதினேழாம் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தார். வலது கையும் காலும் வராது. தட்டை வலது பக்கம் வைப்பார்கள், எடுத்துப் போவார்கள். இடையில் யாராவது இரங்கி ஊட்டிய ஓரிரு வாய்தான் சாப்பாடு. நாற்பத்திரண்டு நாள். மிச்சம் பூஜ்யம். தராசம்மா மேலே போகவில்லை. ஏன் போக வேண்டும்? பதிவேடுதான் தேன் மாதிரி இருக்கிறதே! கண்ணில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி, கடைசியில் காகிதத்தை நம்பிவிட்டார். ஒருநாள் வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவர், பழக்க தோஷத்தில் தையல்காரம்மாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. உடம்பில் புரதம் இல்லையென்றால், தேங்கிய நீரில் அப்படித்தான் பள்ளம் விழும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

கீழே இறங்கி வந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உப்பு, எத்தன நாளா நடக்குது?"

"எது மேடம்? எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

இதைத்தான் நான் சொன்னேன். வாய்கூசாமல் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், போய்விட்டார். அதன்பின் ஊட்டியும் பயனில்லாமல், எட்டாம் நாள் தையல்காரம்மா இறந்தார். விசாரணை வைத்தார்கள். தராசம்மா ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'தராசு வைத்தது நான், தவறு என்னுடையது.' ஆயாக்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தராசை எடுத்துவிடுங்கள், நான்கு ஆயாக்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அதற்குள் நம் மருத்துவமனை 'உணவு வீணாகாத மருத்துவமனை' என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. தராசை எடுத்தால் சான்றிதழ் போய்விடும். தராசு இருந்தது. தராசம்மா போனார். மூன்றே மாதத்தில், உடல்நலக் காரணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய உடல்நலம்! இந்த மருத்துவமனையிலேயே ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்!

இன்னொரு சீட்டு. இது கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது. இதையும் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இங்கேதான் அறுவை சிகிச்சை. இங்கேதான், நெடுநாள் வார்டில், படுக்கை. கதையில் என்றால் பதினேழாம் கட்டிலில் போட்டிருப்பார்கள். இது கதையில்லை, நான்காம் கட்டில். மல்லாந்துதான் படுக்க வேண்டும், திரும்பக் கூடாது. தட்டு பக்கத்து அலமாரியின்மேல். கைக்கு எட்ட ஒரு முழம் குறைவு.

அவர் கூப்பிடவில்லையா? கூப்பிட்டார். ஆயாக்கள் வரவில்லை. "பழைய ஞாபகத்துல அதிகாரம் பண்றாங்க, பக்கத்துல போனா கடிச்சுக் கொதறிடுவாங்க" என்று ஒதுங்கிப் போனார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த வாய், கடைசியில் அவருக்கே எதிரியானது. தம்பி அவர்களே, உங்களிடம் அவர் சொன்னார். "சாப்பாடு வாய்க்கு வரலடா" என்று சொன்னார். நீங்கள் தலைமை மருத்துவர் அய்யாவிடம் கேட்டீர்கள். அவர் கோப்பைப் பார்த்தார். 'உணவு: முழுமை' என்று இருந்தது. "ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குக் கொழப்பம் வரும் சார், சாப்பிட்டதயே மறந்துருவாங்க" என்றார். மேடையில் தலை குனிந்திருக்கிறார் அய்யா. தம்பி அவர்களே, நீங்கள் அழ வேண்டாம். நீங்கள் வெளியூர்க்காரர், காகிதத்தை நம்பினீர்கள். இங்கேயே இருந்தவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் எங்கே இருந்தேன்? கீழே! ஒவ்வொரு நாளும் நான்காம் கட்டிலுக்கென்று தனியாகச் சமைத்தேன். உப்பைக் குறைத்துச் சமைத்தேன். குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை, ஒரு கோப்பை பால். தட்டு காலியாகத் திரும்பி வரும். தராசில் வைப்பேன். மிச்சம் பூஜ்யம். எனக்குச் சந்தோஷம் பிடிபடாது! மேடம் நம் சமையலைச் சாப்பிட்டுவிட்டார்! கேளுங்கள் பெரியோர்களே, நன்றாகக் கேளுங்கள்: அந்தப் பூஜ்யம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவன் நான். தொட்டியைத் திறந்து பார்த்தவன் நான். மற்றவர்களுக்கு எப்படியோ, தராசம்மாவுக்கு ஊட்டாமலா இருப்பார்கள் என்று நினைத்தேன். நான் மறைத்த பொய்யை நானே நம்பினேன். இதைவிடக் கேவலமாக ஒரு முட்டாள் இருக்க முடியுமா? அவனுக்குத்தான் இன்று கேடயம் கொடுக்கப்போகிறீர்கள்!

பத்தொன்பது நாள். அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு பத்தொன்பது நாள் மேலே போகாமல் இருந்தேன். இருபதாம் நாள் போனேன். போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா என்றே முதலில் சந்தேகம் வந்தது. என்னைப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்து, என் கட்டைவிரலைத் தன் காலின்மேல் வைத்தார்.

"அழுத்து."

அழுத்தினேன். எடுத்தேன். பள்ளம் நின்றது.

"உத்தரம் எரியுது உப்பு," என்றார்.

ஓடிப்போய்ச் சோறு பிசைந்து எடுத்துவந்தேன். தட்டிவிட்டார். "மடையா, இருபது வருஷம் என்கிட்ட வேல பாத்தியே! பட்டினி கெடந்த ஒடம்புல மொத்தமா அள்ளிப் போட்டா, ரத்தத்துல இருக்கற உப்பெல்லாம் தாறுமாறாகி நெஞ்சு நின்னுரும். டாக்டரக் கூப்பிட்டு ரத்தத்தப் பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் ரெண்டு ஸ்பூன் கஞ்சி. அதுக்கு மேல ஊட்டினா நீதான் கொலகாரன்." சாகும் தறுவாயிலும் அளவு சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் எத்தனை ஸ்பூன், இரண்டாம் நாள் எத்தனை என்று அவர் சொல்ல, மருத்துவர் எழுதிக்கொண்டார்.

ஒன்பது நாள் நான் ஊட்டினேன். நான்காம் நாள், அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"தையல்காரம்மா விஷயம் வெளிய வர்றதுக்குப் பதினோரு மாசம் முன்னாடியே தெரியும் மேடம்."

"ம். அப்பவே சொல்லியிருந்தா அவ இன்னும் நாலு சட்ட தச்சிருப்பா."

நான் உடைந்துபோனேன். "என்னை மன்னிச்சுருங்க மேடம்" என்று காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குச் சக்தி இல்லை. ஆனால் வாய் இருந்தது.

"மன்னிப்புல என்ன சத்து இருக்கு உப்பு? மாவுச்சத்தா, புரதமா? ஒரு மண்ணும் கெடையாது. ஸ்பூன எடு."

இதுதான், நண்பர்களே, எனக்குக் கிடைத்த மன்னிப்பு! ஒன்பதாம் நாள் காலை அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். "உப்பு கூட," என்றார். என்னைக் கூப்பிட்டாரா, கஞ்சியைச் சொன்னாரா என்று யாரும் கேட்க வேண்டாம். கஞ்சியைத்தான் சொன்னார், நான் ருசித்துப் பார்த்தேன், கூடத்தான் இருந்தது. மத்தியானம் மூச்சு இழுக்கிற சதை நின்றுவிட்டது.

அவர் படத்தைப் பார்க்கிறேன். இவ்வளவு திட்டிய ஒரு மனுஷியை நான் இவ்வளவு நேசித்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்?

நிர்வாக அதிகாரி அய்யா அவர்களே! அந்தக் கேடயம் எனக்கு வேண்டாம். அவருடைய பத்தொன்பது நாள் பதிவேட்டுப் பக்கம் இதோ என் கையில் இருக்கிறது. காலை, மதியம், இரவு, ஐம்பத்தேழு வேளை. ஐம்பத்தேழு பூஜ்யம். நானே என் கையால் எழுதியவை. கேடயத்துக்குப் பதில் இதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். உங்கள் அறையில் மாட்டுங்கள்.

வழக்கம்போல, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று நான் உறுதி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்கிறேன். இன்று காலை ஏழு மணிக்கு அந்தத் தராசைச் சமையலறை வாசலிலிருந்து எடுத்து, கோதுமை மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இனி தட்டை நிறுக்க மாட்டோம். வாரம் ஒருமுறை ஆளை நிறுப்போம். காலை அழுத்திப் பார்ப்போம். ஊட்ட ஒரு கை இல்லாமல் ஒரு தட்டும் மேலே போகாது. என் சமையலறையில் பதினொரு பேர். ஐந்து பேர் அடுப்பில். ஆறு பேர், முறைவைத்து, மூன்று வேளையும் வார்டில். இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வேலையை விட்டு அனுப்புவதென்றால் அனுப்புங்கள். உடல்நலக் காரணம் என்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. இந்தக் கூட்டத்தைச் சாப்பாட்டு வேளையில் வைத்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. உணவு வண்டி இரண்டாம் மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் ஆகிறது. அந்த வார்டின் இரண்டு ஆயாக்களும், நாற்காலியை நிரப்புவதற்காக, இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழாதீர்கள் அம்மா, உங்களை நான் குறை சொல்லவில்லை. தொட்டியின் மூடியைக் கழுவியவன் உங்களைக் குறை சொல்ல முடியாது. என் ஆட்கள் ஆறு பேர் மேலே போய்விட்டார்கள். ஊட்ட வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர். அப்படியென்றால் ஆறு பேருக்கு எதிரே இப்போது தட்டு மட்டும் இருக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மேடையில் ஆறு பெரியவர்கள் இருக்கிறீர்கள். வணக்கம் சொல்லும்போதே எண்ணிவிட்டேன்.

இதோ, என் சட்டைப் பையில் நீங்கள் அனுப்பிய சீட்டுகளோடு ஆறு ஸ்பூன் இருக்கிறது. சுடுதண்ணீரில் கழுவியது. மேசைமேல், கேடயத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மௌன அஞ்சலிக்கு எப்படியும் எல்லோரும் எழுந்து நிற்கத்தான் போகிறீர்கள். எழுந்ததும் நிற்க வேண்டாம். அப்படியே நடங்கள், படி இடது பக்கம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள், விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுங்கள், தண்ணீர் கேட்டால் கொடுங்கள். ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

நான் முன்னால் போகிறேன். கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது.